சொல்லிக்கொள்ளாமல் போகும் வழக்கம்

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பார்கள். "போயிட்டு வரேன்" என்பதில் ஒரு "வரேன்" இருக்கிறதல்லவா, அது அந்த வீட்டுக்கு இன்னொரு துக்கத்தை அழைத்துவிடும் என்ற அச்சம். வந்தவர்களுக்கு இது சரிதான். ஆனால் பெற்றவர்களை அனுப்பிவைக்கும் பிள்ளைகளாகிய நாமும் ஒரு வார்த்தை சொல்லாமலே அந்த நாளைக் கடந்துவிடுகிறோம் என்பது, சென்ற மாதம் அயனாவரத்தில் அப்பாவின் படத்திறப்பை நடத்தியபோதுதான் எனக்கு உறைத்தது.

காலையில் பதினாறாம் நாள் காரியம், மாலையில் படத்திறப்பு. அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, நினைவுரை என்று ஒன்பது பெயர்கள். என் பெயர் கடைசி வரியில், நன்றியுரைக்கு எதிரே. அச்சுக்குக் கொடுத்தவனே நான்தான் என்பதால் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இறப்பைப் பதிய 21 நாள் தவணை, வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம், ஓய்வூதியத்துக்காக வங்கிக்கு ஒரு கடிதம், சமையல்காரருக்கு முன்பணம் என்று அலைந்த அந்த இரண்டு வாரத்தில், அப்பாவைப் பற்றி என்ன பேசப்போகிறேன் என்று ஐந்து நிமிடம்கூட உட்கார்ந்து யோசிக்கவில்லை. மேடையில் ஒரு பிரமுகர் இருபது நிமிடம் தம் சொந்த வரலாற்றைச் சொன்னார். அப்பாவின் பெயரை இரண்டு இடங்களில் மாற்றியும் சொன்னார். நான் வாசலில் நின்று பந்திக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இதுவும் வாய்க்கவில்லை. 2021 மே மாதம், இறப்பு நிகழ்வுகளில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றிருந்த நாட்களில், மயானத்தில் நாங்கள் ஆறு பேர்தான் நின்றோம். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அதனால் இந்த முறை அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் படத்தையும் வைத்தோம். "அவ போய் இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்குப்பா?" என்று பெரியப்பா முனகினார், மாலை சாற்றும்போது முதலில் அழுதவரும் அவரே.

இறந்தவரை எண்ணி இரங்கிப் பாடுவதற்குக் கையறுநிலை என்று ஒரு துறையையே வகுத்து வைத்த மொழி நம்முடையது. ஒப்பாரி வைத்த பெண்கள் இறந்தவரைப் பற்றிப் பேசவில்லை, இறந்தவரிடமே பேசினார்கள். "என்னை விட்டுப் போனீயே" என்று சண்டை பிடித்தார்கள். ஒலிவாங்கி வந்த பிறகு "அன்னார் ஒரு பண்பாளர்" என்று படர்க்கைக்கு மாறிவிட்டோம். மாரடித்து அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அழைப்பிதழில் முதல் பெயர் பிள்ளைகளுடையதாக இருக்க வேண்டும், பிரமுகர்கள் பிறகு பேசட்டும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. பேச வராத பிள்ளை எழுதி வைத்துப் படிக்கலாம். நடுவில் குரல் உடைந்தால் உடையட்டும்.

என் முறை வந்தபோது நன்றியுரைத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, படத்தைப் பார்த்துத்தான் பேசினேன். அப்பா ரயில் பெட்டி கட்டும் ஐ.சி.எஃப் தொழிற்சாலையில், பெட்டியின் இரும்புக் கூட்டைச் செய்யும் ஷெல் பிரிவில் வெல்டராக இருந்தவர். எந்த ரயில் நிலையத்துக்குப் போனாலும் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படிப்பார். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் பெட்டி கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும். 88 என்று இருந்தால் போதும், வண்டி நகரத் தொடங்கினாலும் அந்த இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்காமல் ஏற மாட்டார். அம்மா உள்ளிருந்து ஜன்னல் கம்பிகளுக்கிடையே கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுப்பார். "88இல்தானேப்பா நான் பிறந்தேன், அதை ஏன் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை?" என்று கேட்டேன். அதற்கு மேல் பேச வரவில்லை.

பந்தி முடிந்த பிறகு, ஃபர்னிஷிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "அந்தப் பெட்டிக்கெல்லாம் சீட்டு மாட்டினது நாங்கதான் தம்பி, அதையும் சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு இரண்டு படங்களையும் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார்.