எல்லா டெஸ்டுக்கும் பட்டினி கிடக்க வேண்டுமா?

"நாளைக்கு ரத்தம் எடுக்கணும், ராத்திரியிலிருந்து ஒன்றும் வாயில் வைக்காதே." மலேசியாவில், எங்கள் பட்டர்வொர்த் பக்கம் இதுதான் வீட்டுக்கு வீடு சட்டம். இதில் பாதி வீண் பட்டினி என்பது என் கருத்து. சிலருக்கு ஆபத்தும்கூட. இன்சுலின் போடும் பெரியவர் ஒருவர் பசியாறாமல் பதினோரு மணிவரை கிளினிக்கில் காத்திருந்தால், சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டாதா?

அவருக்கு எழுதியிருப்பது எச்பிஏ1சி மட்டும் என்றால் பட்டினியே வேண்டாம். அது இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் கணக்கு. காலையில் தின்ற தோசை அதை அசைக்காது. வைட்டமின் டி, பி12 இரண்டும் அப்படித்தான், ஒரு வேளைச் சாப்பாட்டில் பெரிதாக மாறாது. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குப் பட்டினி வேண்டும், ஆனால் 8 மணி நேரம் போதும். 16 மணி நேரம் கிடந்தால் கூடுதல் புண்ணியம் ஒன்றும் இல்லை.

கொழுப்புக்கு? ரொட்டி சானாயும் தே தாரிக்கும் உள்ளே போனால் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறும், மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். மொத்தக் கொலஸ்ட்ரால் அவ்வளவாக நகராது. அதனால்தான் வழக்கமான கொழுப்புப் பரிசோதனைக்குப் பட்டினி கட்டாயமில்லை என்று ஐரோப்பிய நிபுணர்கள் 2016-லேயே சொல்லிவிட்டார்கள். ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக வந்தால் மட்டும் பட்டினியோடு இன்னொரு முறை பார்ப்பார்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது இரும்புச் சத்தைப் பற்றி. நம் பெண்களில் பலர் அதற்குத்தான் மாத்திரை சாப்பிடுகிறார்கள். ரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவு ஒரே நாளில் ஏறி இறங்கும். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு ரத்தம் கொடுத்தால் ஜோராக ஏறியிருக்கும். அந்தத் தாளைப் பார்த்து "எனக்கு இரும்பு நல்லா இருக்கு" என்று மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆவது? உடம்பின் கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின்தான். அதற்கும் ஒரு குணம் உண்டு: காய்ச்சலோ வீக்கமோ இருந்தால், கையிருப்பு குறைவாக இருந்தாலும் எண் உயர்ந்து நிற்கும். (சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தால் இரும்பு சரியாகச் சேராது என்பது தனிக்கதை. நம் ஊரில் யார் கேட்கப் போகிறார்கள்!)

துத்தநாகம் தலைகீழ்: சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் குறையும், நெடுநேரம் பட்டினி கிடந்தால் ஏறும். ஃபோலேட் என்ற பி வைட்டமினில் சாதாரண ரத்த டெஸ்ட் சமீபத்தில் சாப்பிட்ட கீரையைத்தான் பெரும்பாலும் சொல்லும். சிவப்பணுவுக்குள் இருக்கும் ஃபோலேட்டைப் பார்த்தால் சில மாதக் கதை தெரியும்.

அதனால் தைப்பூச விரதம் முடித்த கையோடு "உடம்பு சுத்தமா இருக்கு, இப்பவே டெஸ்ட் எடுப்போம்" என்று ஓடுபவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தத் தாள் விரத நாட்களின் உடம்பைத்தான் காட்டும். மறுபடி நாசி கண்டார் கடைக்குப் போகும் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க, வழக்கமாகச் சாப்பிடத் தொடங்கிச் சில வாரம் போகட்டும்.

எந்த டெஸ்ட், அதற்குப் பட்டினி வேண்டுமா என்று கிளினிக்காரர்களிடம் முதல் நாளே கேளுங்கள். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், காலையில் எந்த மாத்திரை போட்டீர்கள் என்று அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அப்புறம், பட்டினி என்றாலும் வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். நரம்பு கிடைக்காமல் ஊசியால் இரண்டு முறை குத்து வாங்குவதாவது மிச்சமாகும். சீனி போடாத கோப்பி தண்ணீர்க் கணக்கில் வராது.