விளையாட்டுக் கடையில் ரூபாய் விலை எங்கே?

கைபேசி விளையாட்டில் வாங்கும் உடையையும் துப்பாக்கி ஸ்கின்னையும் (துப்பாக்கிக்குப் போடும் அலங்கார வண்ணம்) "எல்லாம் பொய்ப் பொருள்" என்று பிள்ளைகளிடம் சொல்வதைப் பெற்றோர் நிறுத்திக்கொள்ள வேண்டும். பாலக்கோட்டில் மேல்நிலை வகுப்புகளுக்கு வணிகவியல் நடத்துகிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அந்தப் பொருளுக்கு விலை உண்டு, வாங்க ஆள் உண்டு, கள்ளச் சந்தைகூட உண்டு. பொய் என்று சொன்ன மறுகணமே, அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று பையன் முடிவு கட்டிவிடுகிறான். அதற்குமேல் நாம் சொல்வது எதுவும் அவன் காதில் ஏறுவதில்லை.

2001-இல் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், எவர்குவெஸ்ட் விளையாட்டின் கற்பனை நாட்டுக்கு வருமானக் கணக்குப் போட்டார். ஆடுகிறவர்கள் தங்கள் பொருள்களை வெளியே டாலருக்கு விற்ற விலையை வைத்துப் போட்ட கணக்கு அது. தலைக்கு வந்த தொகை ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையில் நின்றது. 2007-இல் ஈவ் ஆன்லைன் என்ற விளையாட்டை நடத்தும் நிறுவனம் பொருளாதார நிபுணர் ஒருவரையே வேலைக்கு வைத்துக்கொண்டது. இத்தகைய உலகங்களில் ஒவ்வொரு எதிரி விழும்போதும் காசு புதிதாகப் பிறக்கிறது. அதைக் கட்டணமாகவும் வரியாகவும் திரும்ப உறிஞ்சாவிட்டால் விலைவாசி எகிறிவிடும். ரிசர்வ் வங்கி பற்றி நான் வகுப்பில் நடத்தும் அதே பாடம்தான்.

ஆனால் ரிசர்வ் வங்கி கடை நடத்துவதில்லை. விளையாட்டு நிறுவனமோ நாணயத்தையும் அச்சடிக்கிறது, கடையையும் நடத்துகிறது, சட்டத்தையும் அதுவே எழுதுகிறது. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் விலை இறங்கினால் விவசாயி வயிறெரிகிறார், உண்மைதான். ஆனாலும் அங்கே விலை கேட்கப் பல ரீலர்கள் (கூட்டிலிருந்து பட்டு நூல் எடுப்பவர்கள்) இருக்கிறார்கள், ஏலம் எல்லார் எதிரிலும் நடக்கிறது. விளையாட்டில் சந்தை இருந்தாலும் அதன் விதி நிறுவனத்தின் கையில்தான். 2025 அக்டோபரில் கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாட்டில் ஒரு விதியை மாற்றினார்கள். அரிதாகக் கிடைத்துவந்த கத்திகளை வேறு ஸ்கின்களைக் கொடுத்துப் பெறலாம் என்றார்கள். பெருந்தொகை கொடுத்துக் கத்தி வாங்கி வைத்திருந்தவர்களின் கையிருப்பு ஒரே நாளில் கரைந்தது. யாரிடம் போய் முறையிடுவது?

விளையாடியே சம்பாதிக்கலாம் என்று நம்பிய பிலிப்பைன்ஸ்காரர்களின் கதை இன்னும் கொடுமை. ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டில் ஆடினால் கிடைக்கும் டோக்கன், அதாவது வெளியே விற்றுப் பணமாக்கும் மின்காசு, 2021 ஜூலையில் 30 அமெரிக்க சென்ட்டுக்கு மேல் விற்றது. அதை நம்பி, வேறொருவரின் விளையாட்டுப் பிராணிகளை இரவல் வாங்கி, ஏறக்குறைய வாரத்துக்கு நிலம் உழுவதுபோலப் பங்குக்கு ஆடினார்கள். அடுத்த ஆண்டு நடுவில் அந்த டோக்கன் ஒரு சென்ட் கூடப் பெறவில்லை. புதிதாக வருகிறவர்கள் போடும் பணத்தில்தான் பழையவர்களுக்கு வரும்படி. புது ஆள் வருவது குறைந்ததும் ஆட்டம் படுத்துவிட்டது.

நம் ஊருக்கு வருகிறேன். மாலையில் பஸ் நிலையத்துப் பக்கம் ரீசார்ஜ் கடைகளில் நின்று பாருங்கள். சீருடையோடு ஒரு பையன் வருகிறான், மடித்து வைத்த நோட்டை நீட்டுகிறான், தன் விளையாட்டு ஐடி எண்ணைச் சொல்கிறான். கடைக்காரர் எண்ணைத் தட்டியதும் திரையில் வரும் பெயரை "இதுதானே?" என்று கேட்டு, தன் யுபிஐ-யிலிருந்து பணத்தைக் கட்டுகிறார். விளையாட்டுக்குள் செல்லும் காசான 'வைரம்' அவன் கணக்கில் ஏறிவிடுகிறது. அப்பா தன் கைபேசியில் என்ன பூட்டுப் போட்டிருந்தாலும் இந்த வழிக்குக் குறுக்கே நிற்காது. வைரக்கட்டின் அளவு ஒன்று, உடையின் விலை வேறொன்று. வாங்கியபின் கொஞ்சம் மீதி நிற்கும், அதைத் தீர்க்க இன்னொரு கட்டு வாங்க வேண்டும். பரிசு உடைக்காகச் சுழற்றும் அதிர்ஷ்டச் சக்கரத்தில் முதல் சுற்று மலிவு, ஒவ்வொரு சுற்றுக்கும் விலை ஏறும். அந்த உடை மொத்தம் எத்தனை ரூபாய் ஆயிற்று என்று மாணவர்களைக் கேட்டிருக்கிறேன். கணக்கில் புலியான பிள்ளைகளும் வைரத்தில்தான் பதில் சொல்கிறார்கள். ரூபாயை மறக்கடிக்கத்தான் நடுவில் அந்த வைரமே.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அப்படிச் செய்த ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் (பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம்) தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் எட்டாம் வகுப்புப் பையன் "ஒப்புக்கொள்கிறேன்" என்று தட்டினால் பணம் போய்விடுகிறது! 2025-இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் பணம் வைத்துப் பணம் எடுக்கும் ஆட்டங்களைத் தடை செய்தது. அதை மனதார வரவேற்றேன். ஆனால் அதன் குறி வேறு. பணமாகத் திரும்பாத உடைக்குச் சக்கரம் சுற்றுகிற பிள்ளையை அது காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை. பெல்ஜியம் 2018-லேயே காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. விளையாட்டுப் பொருள்களுக்கு உண்மையான நாணயத்திலும் விலை காட்ட வேண்டும் என்று 2025 மார்ச்சில் ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அதிகார அமைப்புகள் வலியுறுத்தின. நமக்கும் இவை இரண்டும் வேண்டும்: ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ரூபாய் விலை, 18 வயதுக்குள் அதிர்ஷ்டச் சக்கரம் கூடாது.

சட்டம் வரும்போது வரட்டும். பாலக்கோடு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம் ரீசார்ஜ் கடை அண்ணன்மாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். சீருடையில் வந்து டாப்-அப் கேட்கும் பையனிடம் வீட்டாரின் கைபேசி எண்ணைக் கேளுங்கள். அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒரு வார்த்தை பேசிவிட்டு ஏற்றுங்கள். ஏற்றியபின் கையெழுத்தில் ஒரு சீட்டுக் கொடுங்கள், அதில் தொகையை ரூபாயில் எழுதுங்கள்.