காட்டுக்கு எந்தக் கைத்துப்பாக்கி?

முதல் கைத்துப்பாக்கி வாங்கப்போகும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். வேட்டைக்கும் வேண்டும், காட்டில் கரடி எதிர்ப்பட்டால் உயிர் காக்கவும் வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து ஒன்று சொல்லுங்கள், கொஞ்சம் பெரியதாகவே இருக்கட்டும் என்பார்கள். அந்தப் "பெரியதாக" என்கிற வார்த்தைதான் எனக்குக் கவலை தருகிறது. பெரியதாக வாங்கிய பலர் ஓராண்டுக்குள் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். பூட்டாமல், பழகாமல், அதை நம்பிக் காட்டுக்குள் போகிறவர்களை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

முதலில் சட்டம். கைத்துப்பாக்கியால் வேட்டையாடுவதைப் பல நாடுகள் அனுமதிப்பதே இல்லை. அனுமதிக்கும் அமெரிக்க மாநிலங்களிலும் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எந்த விலங்குக்கு எந்தக் கேலிபர் (அதாவது குண்டின் பருமன்), குழல் எவ்வளவு நீளம் என்பதுவரை பார்த்துக்கொள்ள வேண்டும். அதைப் படிக்காமல் கடைக்குப் போவது பணத்துக்கும் கேடு, உரிமத்துக்கும் கேடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேட்டைக்காரனுக்கு நேரம் இருக்கிறது. மரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்காலில் கையை ஊன்றி, மான் பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்து ஒரு குண்டு சுடுகிறான். அவனுக்கு நீளமான குழலும் கனமான உடலும் நல்லது. மேலே தொலைநோக்கி பொருத்தியிருந்தாலும் தொந்தரவில்லை. தற்காப்புக்கு எடுக்கிறவனுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. கரடி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. 20 மீட்டர் தள்ளிப் புதருக்குள்ளிருந்து கிளம்பினால் ஒன்றரை நொடியில் மேலே வந்து விழும். அதற்குள் உறையிலிருந்து உருவி, நீட்டி, சுட்டாக வேண்டும். 8 அங்குலக் குழலும் தொலைநோக்கியும் உள்ள துப்பாக்கி உறையை விட்டு வெளியே வருவதற்கே அந்த நேரம் போதாது. ஒரே துப்பாக்கியால் இரண்டு வேலையும் செய்யலாம். இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இனி தோட்டா. பெயரில் வரும் .357, .44 போன்ற எண்கள் குண்டின் விட்டத்தை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்பவை; மேக்னம் என்றால் வெடிமருந்தின் வலு கூட்டியது. .357 மேக்னம் 1935-இல் வந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து .44 மேக்னம். எல்மர் கீத் என்ற வேட்டைக்காரர் பழைய .44 ஸ்பெஷல் தோட்டாவில் வெடிமருந்தைக் கூட்டிக் கூட்டிப் பல ஆண்டுகள் சுட்டுப் பார்த்து, துப்பாக்கி நிறுவனங்களை விடாமல் வற்புறுத்தியதன் பலன் அது. 240 கிரெயின், அதாவது பதினைந்தரை கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் அனுப்பும். ஆற்றல் 1,200 ஜூலுக்கு மேல். சாதாரண 9 மி.மீ. தோட்டாவில் சுமார் 500 ஜூல்தான். 2003-இல் வந்த .500 மேக்னம் .44-ஐப் போல இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது. இந்த எண்களைப் பார்த்து மயங்குவது எளிது. நானும் அப்படித்தான் மயங்கினேன்.

என் முதல் .44 மிகவும் இலேசானது, 750 கிராம்கூட இல்லை. இடுப்பில் இருப்பதே தெரியாது என்று விற்றவர் சொன்னார், அது உண்மை. சுடும்போது என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதே தோட்டா கனமான துப்பாக்கியில் கையைத் தள்ளும், இலேசான துப்பாக்கியில் அறையும். மூன்றாவது குண்டிலேயே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் கிழிந்தது. பத்து மீட்டரில் வைத்த தாளில் குண்டுகளெல்லாம் குறிக்குக் கீழேயே போய் விழுந்துகொண்டிருந்தன.

பக்கத்தில் நின்ற மூத்த வேட்டைக்காரர் ஒருவர் துப்பாக்கியைக் கேட்டு வாங்கினார். எனக்கு முதுகைக் காட்டியபடி, நல்ல தோட்டாக்களோடு சுட்டு முடித்த வெற்றுக் கூடுகளையும் கலந்து, தோட்டாக்கள் வட்டமாக அமரும் சுழல் உருளையில் போட்டு, ஒரு சுற்றுச் சுற்றி மூடித் தந்தார். "சுடுங்கள் தம்பி" என்றார். முதலாவது வெடித்தது. இரண்டாவதில் சுத்தியல் வெற்றுக் கூட்டின்மேல் 'டிக்' என்று விழுந்தது. வெடிப்பும் இல்லை, உதையும் இல்லை. ஆனால் குழலின் முனை நான்கு விரற்கடை கீழே குத்தியது. கண்கள் இறுக மூடியிருந்தன. வராத உதைக்கு என் உடம்பு முன்கூட்டியே பயந்து துப்பாக்கியை அழுத்தியிருக்கிறது. அவர் ஒன்றும் பேசவில்லை. தன்னுடைய எஃகு .357-ஐ எடுத்து, அதில் மென்மையான .38 ஸ்பெஷல் தோட்டாக்களைப் போட்டுக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் என் குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குள் வந்துவிட்டன.

அன்று தெரிந்துகொண்டதைத்தான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். கண்ணை மூடாமல் ஐந்து குண்டுகளைக் குறியில் வைக்க முடிகிற கேலிபர் எதுவோ, அதுதான் உங்கள் கேலிபர். அதற்குமேல் இருக்கும் ஆற்றலெல்லாம் மண்ணுக்குள்தான் போகும்.

மிக இலேசான மேக்னம் ரிவால்வர்களில், அதாவது இப்படி உருளை உள்ள கைத்துப்பாக்கிகளில், இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு குண்டு சுடும்போது வருகிற உதையில், உருளையில் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் கூட்டிலிருந்து மெல்ல முன்னால் நகர்ந்து வரும். ஏதாவது ஒன்றின் மூக்கு உருளையைத் தாண்டி நீட்டிக்கொண்டால் உருளை சுற்றாது. விசையை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. சுடுதளத்தில் இது நடந்தால் எரிச்சலோடு போய்விடும். கரடிக்கு முன்னால் நடந்தால்?

ரிவால்வரா, பிஸ்டலா என்ற சண்டை ஓயாது. பிஸ்டலில் உருளை கிடையாது; பிடிக்குள் செருகும் மேகசின் என்ற பெட்டியிலிருந்து தோட்டாக்கள் தானாக ஏறும். என் கருத்து இது. தற்காப்பு ஒன்றுதான் நோக்கம் என்றால் 10 மி.மீ. பிஸ்டலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மேகசினில் 15 தோட்டாக்கள் பிடிக்கும் மாடல்கள் உண்டு, விசை இலேசு, அடுத்தடுத்துச் சுடுவது எளிது. வேட்டையும் சேர்ந்தால் நான் ரிவால்வர் பக்கம். .357-இல் .38 ஸ்பெஷலையும், .44 மேக்னத்தில் .44 ஸ்பெஷலையும் போட்டுச் சுடலாம் என்பதால் பழகுவது சுலபம், செலவும் குறைவு. சுத்தியலை முன்பே பின்னால் இழுத்து நிறுத்திவிட்டால் விசை மெல்ல விடுபடும், நிதானமான வேட்டைக் குண்டுக்கு அது பெரிய வரம். இன்னொன்று, விலங்கு மேலே விழுந்து புரளும் நிலையில் குழலை அதன் உடம்பில் அழுத்திச் சுட்டாலும் ரிவால்வர் சுடும். பிஸ்டலை அப்படி அழுத்தினால் மேல்பகுதி பின்னுக்கு நகர்ந்து, சுடாமல் நின்றுவிட வாய்ப்பிருக்கிறது. 4 முதல் 6 அங்குலக் குழல், ஒரு கிலோவுக்குக் குறையாத எஃகு உடல், .357 அல்லது கை தாங்கினால் .44. என்னிடம் கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன்.

தோட்டாவிலும் கவனம் வேண்டும். மானுக்கு உள்ளே போய் விரிகிற குண்டு. கரடியின் தடித்த தசையையும் தோள் எலும்பையும் கடக்க, விரியாமல் ஆழமாக இறங்கும் கெட்டியான ஈயக் குண்டு, மூக்கு தட்டையாக இருப்பது. இரண்டும் குறியில் ஒரே இடத்தில் விழாது. எதைப் போட்டுக்கொண்டு போகிறீர்களோ அதைச் சுட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

உறைக்கு யாரும் போதிய கவனம் தருவதில்லை. முதுகுப்பையின் இடுப்புப் பட்டை மாட்டியதும் இடுப்பு உறை அதற்கடியில் சிக்கிக்கொள்ளும். பையில் போட்டு வைத்தாலோ, பையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் மொள்ளப் போகிற நேரத்தில் துப்பாக்கி இருபதடி தள்ளிக் கிடக்கும். நெஞ்சின் குறுக்கே கட்டும் உறைதான் காட்டுக்குச் சரி. பையைக் கழற்றினாலும் அது உடம்போடு இருக்கும்.

துப்பாக்கிப் பிரியர்கள் சிலருக்குக் கசக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அலாஸ்காவில் நடந்த சம்பவங்களைத் தொகுத்து 2008-இல் வந்த ஆய்வில், பழுப்புக் கரடிகளுக்கு எதிராகக் கரடி ஸ்பிரே (கரடியின் முகத்தில் பீய்ச்சும் மிளகாய்க் காரம்) 92 விழுக்காடு பலித்திருந்தது. அதே அலாஸ்காவின் 1883 முதல் 2009 வரையிலான 269 சம்பவங்களை ஆராய்ந்து 2012-இல் வந்த இன்னொரு ஆய்வில் கைத்துப்பாக்கி பலித்தது 84 விழுக்காடு. இரண்டு ஆய்வுகளும் எடுத்துக்கொண்ட சம்பவங்கள் வேறு வேறு, எண்களை அப்படியே நேருக்கு நேர் நிறுத்தக்கூடாது. ஆனாலும் ஸ்பிரேக்கு நுணுக்கமான குறி வேண்டாம், அது மேகம்போல் விரியும் என்பதை மறுக்க முடியாது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 2010 முதல் துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இருந்தும் பூங்கா நிர்வாகம் வருகிறவர்களை எடுத்துப்போகச் சொல்வது ஸ்பிரேயைத்தான். நான் நெஞ்சில் ரிவால்வரும் இடுப்புப் பட்டையில் ஸ்பிரேயும் கட்டிக்கொள்கிறேன். என் கை முதலில் ஸ்பிரேக்குத்தான் போகும்படி பழக்கியிருக்கிறேன்.

காதைப் பற்றி ஒரு வார்த்தை. மேக்னம் ரிவால்வரின் சத்தம் 160 டெசிபலை எட்டும். 140-ஐத் தாண்டினாலே ஒரு குண்டில் காது கெடலாம். மெல்லிய சத்தத்தைப் பெருக்கி, வெடிச்சத்தத்தை அடக்கும் மின்னணுக் காதுக்காப்பு கிடைக்கிறது. வேட்டையில் அது இல்லாமல் விசையைத் தொடாதீர்கள்.

கடைசியாக, வாங்குவதற்கு முன் துப்பாக்கியை வாடகைக்குத் தரும் சுடுதளத்துக்குப் போங்கள். 20 செ.மீ. அகலமுள்ள காகிதத் தட்டு ஒன்றை மாட்டுங்கள். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். பத்து மீட்டரில் தொடங்கி, காட்டில் சுடுவதுபோல உட்கார்ந்து சுட்டுக்கொண்டே பின்னால் தள்ளிப் போங்கள். ஐந்தும் தட்டுக்குள் விழுகிற கடைசித் தூரம்தான் உங்கள் வேட்டைத் தூரம். எனக்கு அது 40 மீட்டர். போன பருவத்தில் நல்ல கொம்புள்ள மான் ஒன்று 60 மீட்டரில் கால் மணி நேரம் மேய்ந்துகொண்டிருந்தது. நெருங்கி வரவில்லை. சுத்தியலைத் தொடாமலே உட்கார்ந்து பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கி வந்துவிட்டேன்.