மாட்டுது சார், ஆனா ஓடல!

"அதெல்லாம் போகும் சார், மாட்டிப் பாருங்க." இந்த ஒரு வசனத்தை நம்பித்தான் வண்ணாரப்பேட்டையிலேர்ந்து எண்ணூர் வரைக்கும் பசங்க துட்டைக் கரியாக்கிட்டு இருக்காங்க. ட்ரோன்ல ஓப்பன்ஐபிசி கேமரா (வைஃபைலயே நேரலையாப் படம் அனுப்புற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் போட்டது). கீழ படம் பார்க்க ராஸ்பெர்ரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒண்ணு, ஒரு வைஃபை அடாப்டர், ஒரு சின்னத் திரை. மொட்டை மாடியில வெச்சு ஆன் பண்ணா படம் அருமையா வரும். கொஞ்ச நேரத்துல கட்டம் கட்டமா உடையும், உறையும், கடைசியில திரை கறுத்துப் போகும். உடனே ஒருத்தர் "ஆன்டெனா மாத்து ப்ரோ"ம்பார். இன்னொருத்தர் "கார்டை அழிச்சு ஓஎஸ் மறுபடி போடு"ம்பார். கரண்டு ஒழுங்கா போய்ச் சேருதான்னு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க!

முதல் குற்றவாளி கேபிள். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேணும். சார்ஜர்ல 3 ஆம்பியர்னு அச்சடிச்சிருக்கு, நல்லது. நடுவுல ஓடுற கேபிள்ல என்ன அச்சடிச்சிருக்கு? ஒண்ணும் கிடையாது. மேல நைலான் பின்னல் போட்டுப் பார்க்கத் தடியா இருக்கும். வெட்டிப் பார்த்தா உள்ள முடி மாதிரி 28 கேஜ் கம்பி (கேஜ் நம்பர் கூடக் கூடக் கம்பி மெலிசு). அந்தக் கம்பிக்கு மீட்டருக்கு 0.21 ஓம். போக ஒண்ணு, திரும்பி வர ஒண்ணு, ஆக ஒரு மீட்டர் கேபிளுக்கு 0.42 ஓம். 2 ஆம்பியர் இழுத்தா 0.84 வோல்ட் வழியிலயே காலி. 5.1ல கிளம்பினது போர்டுக்கு வரும்போது 4.26. பை 4.63க்குக் கீழ போனாலே வோல்டேஜ் கம்மின்னு கொடி காட்டிடும். அதே நீளத்துக்கு 20 கேஜ் கம்பி போட்டா இழப்பு வெறும் 0.13 வோல்ட். செம்பு பூசின அலுமினியக் கம்பின்னா கணக்கு இன்னும் நாறும். கேஜ் என்னன்னு கேட்டா கடையில நம்மள ஏற இறங்கப் பார்க்குறாங்க!

அடுத்து அந்த "65 வாட் ஃபாஸ்ட் சார்ஜர்". 65 வாட் போனுக்குப்பா, போர்டுக்கு இல்ல. சார்ஜர் தனக்குத் தெரிஞ்ச போனோட பேசி வோல்டேஜை ஏத்தித்தான் அவ்வளவு வாட் குடுக்கும். பை கேக்குறது 5 வோல்ட் மட்டும். சார்ஜர் முதுகுல பொடி எழுத்துல 5 வோல்ட்னு ஒரு வரி இருக்கும். அதுக்குப் பக்கத்துல 2 ஆம்பியர்னு இருந்தா உங்களுக்கு அது 10 வாட் சார்ஜர், அவ்வளவுதான்.

பை 5 வாங்கினவங்க பாடு இதைவிடப் பேஜார். 5 ஆம்பியர் சப்ளைன்னு அதுக்கு உறுதியாத் தெரியலேன்னா, நாலு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் விடும். 5 ஆம்பியர் சார்ஜர்னா 1.6 ஆம்பியர். பை 4ல மொத்த வரம்பு 1.2. இதுல 8812ங்கிற வைஃபை சிப் போட்ட பவர்ஃபுல் அடாப்டர் ரெண்டு மாட்டி "டைவர்சிட்டி" (எதுல நல்லா வருதோ அதை எடுத்துக்கிறது) பண்றாங்களாம். கான்ஃபிக் ஃபைல்ல ஒரு வரி சேர்த்து யுஎஸ்பி வரம்பைத் தூக்கலாம், உண்மைதான். சார்ஜர்ல சரக்கு இல்லாம வரம்பைத் தூக்கி என்ன புண்ணியம்? மெட்ரோ வாட்டர் லாரியில வர்ற தண்ணியை ஸ்ட்ரா வெச்சுப் பிடிச்சுட்டு, குடம் நிறையலன்னு லாரிக்காரர்கிட்ட சண்டை போடுற கதை.

"கீழ இருக்கிறது ரிசீவர்தானே, அது ஏன் அவ்வளவு கரண்டு இழுக்கப்போகுது?" இதையும் கேப்பாங்க. வைஃபை வழியா வீடியோ அனுப்புற டபிள்யூஎஃப்பி சாஃப்ட்வேர் போட்டிருந்தா கீழேர்ந்து மேலயும் டெலிமெட்ரி (பறக்கிற தகவல்), டன்னல் (ரெண்டு பக்கமும் பேசுற நெட்வொர்க் வழி)னு பாக்கெட் போய்க்கிட்டே இருக்கு. அடாப்டர் டிரான்ஸ்மிட் பண்ற அந்தக் கணத்துலதான் இழுவை எகிறும், வோல்டேஜ் தொபுக்கடீர்னு விழும், அடாப்டர் ரீசெட் ஆகும். கெர்னல் லாக்கைத் திறந்து பாருங்க. யுஎஸ்பி டிஸ்கனெக்ட்னு ஒரு வரி, அடுத்த வரியில அதே அடாப்டர் புது நம்பரோட மறுபடி ஆஜர். இதுக்கு ஓஎஸ் என்னய்யா பண்ணும்? ராஸ்பெர்ரி பையில, வோல்டேஜ் கம்மியாச்சா, சூடாகி வேகம் குறைஞ்சுதான்னு த்ராட்டில் நிலையைக் காட்டுற கமாண்டு ஒண்ணு இருக்கு. வீடியோ ஓட ஓட அதைப் போடுங்க. பூஜ்ஜியம் வந்தா போர்டுக்கு வர்ற கரண்டுல பழுதில்ல. வேற எது வந்தாலும், கரண்டோ சூடோ, அதைச் சரி பண்ற வரைக்கும் ஆன்டெனாவைத் தொடவே தொடாதீங்க.

வழி இல்லாம இல்ல. 3எஸ் (மூணு செல்) லித்தியம் பேட்டரியிலேர்ந்து வோல்டேஜை இறக்கிக் குடுக்கிற பக் கன்வர்டர் ரெண்டு, போர்டுக்கு ஒண்ணு, அடாப்டருக்கு ஒண்ணு. எதையும் மாட்டுறதுக்கு முன்னாடியே மல்டிமீட்டர் வெச்சு 5.1க்குத் திருகிடணும். திருகாம மாட்டினா போர்டு அங்கேயே பஸ்பம். எல்எம்2596ங்கிற பக் கன்வர்டர் மாட்யூல்ல 3 ஆம்பியர்னு போட்டிருக்கும். ஹீட்சிங்க் இல்லாம 2க்கு மேல கேக்காதீங்க. அடாப்டர் போற யுஎஸ்பி வயர்ல, போர்டுலேர்ந்து வர்ற சிவப்பை மட்டும் வெட்டி டேப் சுத்திடுங்க. அடாப்டர் பக்கச் சிவப்பைக் கன்வர்டர்ல கொடுங்க. கறுப்பு (கிரவுண்ட்) எல்லாத்துக்கும் பொது. பச்சை, வெள்ளை ரெண்டும் டேட்டா வயர், அதுல கை வைக்க வேண்டாம். அடாப்டர் பக்கத்துல 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு. இதுக்கு மேலயும் வோல்டேஜ் விழுந்தா அப்புறம் வேற பேசலாம்.

போர்டு விக்கிறவங்களும் இதே பாட்டுதான். பை 3, ஜீரோ 2 டபிள்யூ எல்லாம் "வீடியோவுக்குப் போகும் சார்"னு தலையில கட்டுறாங்க. அதுல எச்.265ங்கிற வீடியோ சுருக்க முறையைப் பிரிச்சுக் காட்ட ஹார்டுவேர் டிகோடரே கிடையாது, கேமரா அனுப்புறதோ பெரும்பாலும் எச்.265. பை 5ல கதை தலைகீழ்: எச்.265 உண்டு, அதுக்கு முந்தின எச்.264 ஹார்டுவேர்ல கிடையாது. பை 4, இன்னொரு கம்பெனி போர்டான ராட்சா ஜீரோ 3, ரெண்டுலயும் ரெண்டும் உண்டு. கேமரா என்ன அனுப்புதுன்னு பார்க்காம போர்டு வாங்காதீங்க.

சாஃப்ட்வேர் பக்கம் ஆணி கம்மி. நெட்வொர்க் மேனேஜர் அடாப்டரைத் தன்னோடதுன்னு பிடிச்சுக்கும், அதைத் தொடாதேன்னு எழுதி வைக்கணும். ஓடுற செட்டப்புல சும்மா அப்டேட் தட்டாதீங்க. கெர்னல் மாறினா அடாப்டர் டிரைவர் காணாமப் போகலாம். பாக்கெட் வருது, படம் வரலேன்னா, பாக்கெட்டைப் பூட்டித் திறக்கிற சாவி ஃபைல் மேலயும் கீழயும் ஜோடி பொருந்துதான்னு பாருங்க. வண்ணாரப்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ரவுட்டர் இருக்கிற இடத்துல, முதல்லயே செட் ஆகி வர்ற 161ஆம் வைஃபை சேனல்லயே குந்திக்கிட்டு இருக்காம, ஸ்கேன் பண்ணிக் காலியான சேனல் எடுங்க. மே மாச மாடியில மூடின பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள போர்டை வெச்சா 80 டிகிரியில தானா வேகத்தைக் குறைச்சுக்கும், ஃபேன் வேணும். இது அத்தனையும் மாடியிலயே சோதிக்கலாம், பறக்கவிடத் தேவையில்ல. துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம்னு நம்ம பக்கம் பூரா இருக்கு. ட்ரோன் எங்க பறக்கலாம்னு காட்டுற அரசோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல நிறம் பார்க்காம மேல ஏத்தினா தேடி வர்றவங்க வேற ஆளு.

இவ்வளவும் முடிஞ்ச பிறகு ஆன்டெனாவுக்கு வாங்க. அங்கயும் அதே "மாட்டிப் பாருங்க"தான்! எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏன்னு ஆன்டெனா கனெக்டர் ரெண்டு வகை, ரெண்டுக்கும் திருகு மரை ஒண்ணே. எஸ்எம்ஏன்னா, உள்மரை இருக்கிற ஆன்டெனா பக்கம் நடுவுல ஊசி, அடாப்டர் பக்கம் ஓட்டை. ஆர்பி-எஸ்எம்ஏல தலைகீழ். ஆர்பி ஆன்டெனாவை எஸ்எம்ஏ சாக்கெட்டுல போட்டா ரெண்டு பக்கமும் ஓட்டை, ஊசியே இல்ல. மரை ஜம்முனு திருகி உக்காந்துக்கும், சிக்னல் மட்டும் போகாது. ஆன்டெனாவே இல்லாம டிரான்ஸ்மிட் பண்ற கணக்குதான், அடாப்டரோட பவர் ஆம்ப்ளிஃபையருக்கும் கேடு. காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் உப்புக்காத்துல மரை பச்சை பூத்துக்கிடும், அதையும் துடைங்க. டப்பாவுக்குள்ள இருக்கிற குட்டி ஐபெக்ஸ் கனெக்டரை 30 தடவைக்கு மேல கழட்டி மாட்டவே கூடாது, அது அவ்வளவுக்குத்தான் செஞ்சது. துட்டைக் குடுக்குறதுக்கு முன்னாடி போன் டார்ச்சை அடிச்சு ரெண்டு பக்கமும் நடுவுல எட்டிப் பாருங்க: ஒரு பக்கம் ஊசி, ஒரு பக்கம் ஓட்டை. ரெண்டும் ஓட்டைன்னா மேஜை மேலயே திருப்பி வெச்சுட்டு வாங்க.