வெள்ளிக்கிழமை போகச் சொன்ன மகராசனுக்கு

இன்னிக்குக் காலையிலயும் அதே ரீல். 47 செகண்ட். மூணு குரூப்ல சுத்துது, மூணுலயும் கீழே "மிகவும் பயனுள்ள தகவல்"னு ஒரு கைகூப்பு. உங்க குரூப்லயும் வந்திருக்கும், வராம எங்க போகும்.

"ஜூன்ல பாரிஸ் போறீங்களா மக்களே? வெள்ளிக்கிழமை பெரிய பள்ளிவாசலுக்குப் போயிடுங்க, என்ட்ரி ஃப்ரீ, சுத்திப் பார்க்க செம டைம்!"

வெள்ளிக்கிழமை! வாரத்துக்கு ஏழு நாள் இருக்கு ராசா. அதுல சுத்திப் பார்க்க வர்றவங்களுக்கு உள்ளே விடாத ஒரே நாளைத் தேடிப் பிடிச்சுச் சொல்லியிருக்கியே, அதுக்கும் ஒரு தனித் திறமை வேணும். வெள்ளிக்கிழமை உள்ளே போறது தொழ வர்றவங்க. பெருநாள்கள்லயும் அப்படித்தான். மத்த நாள்ல மூணு யூரோ மாதிரி ஒரு டிக்கெட் வாங்கினா தோட்டம், முற்றம், தூண் வரிசை எல்லாம் நிதானமா பார்க்கலாம். தொழுகைக் கூடம் தொழுறவங்களுக்கு மட்டும். வாசல்ல நின்னு எட்டிப் பார்த்துட்டுத் திரும்பணும். இதைச் சொல்ல எட்டு செகண்ட் போதும். ஆனா தம்பிக்கு அந்த எட்டு செகண்டும் ஸ்லோமோஷன்ல முடியைக் கோதவே சரியாப்போச்சு.

ஒன்பதாவது செகண்ட். "பாருங்க மக்களே, மசூதியோட உள்பக்கம்!" கேமரா சுத்துது. நீல டைல்ஸ், சின்ன மேஜை, அத்தி மரம், தட்டுல பாதாம் இனிப்பு, பக்கத்துல ஒரு சிட்டுக்குருவி. அது டீக்கடைடா! பள்ளிவாசல் வளாகத்தோட மூலையில ழோஃப்ருவா சேன்ட் இலேர் தெருப் பக்கம் வாசல் வெச்ச டீக்கடை. பள்ளிவாசல் வாசல் அந்தப் பக்கம், புய் தெ லெர்மித் சதுக்கத்துல இருக்கு. ஏழாம் நம்பர் மெட்ரோவுல ப்ளாஸ் மோன்ழ்ல இறங்கினா நாலு எட்டு. இப்படித்தான் பாதிப் பேர் புதினா டீயைக் குடிச்சுட்டு "பாரிஸ் மசூதி பார்த்தாச்சு"ன்னு திரும்புறாங்க. மதுரையில ஜிகர்தண்டா குடிச்சுட்டு மீனாட்சி கோயில் பார்த்தாச்சுன்னு சொல்ற மாதிரி.

பதினேழாவது செகண்ட். "ஐந்நூறு வருஷப் பழமையான துருக்கி ஸ்டைல்!" 1926ல திறந்தது. முதல் உலகப் போர்ல பிரான்ஸுக்காக செத்த முஸ்லிம் சிப்பாய்களோட நினைவுக்காகக் கட்டினது. மினாரைப் பாரு, சதுரம். 33 மீட்டர். துருக்கி மினார் பென்சில் சீவின மாதிரி ஒல்லியா போகும்; சதுரம்னா மொராக்கோ பக்கம். வாத்து எது வான்கோழி எதுன்னு தெரியாதவன் பறவை சரணாலயத்துக்கு கைடு ஆன கதை.

சரி, கட்டிடக்கலையை மன்னிச்சிடலாம். இருபத்தஞ்சாவது செகண்டை மன்னிக்கவே முடியாது. "ஒரு மணிக்கு ஜும்ஆ, எட்டு மணிக்கு இஷா, முடிச்சுட்டு ஈஃபில் டவர்!" இஷான்னா ராத்திரித் தொழுகை, அது எட்டு மணிக்கா? ஜூன் கடைசியில அங்கே சூரியன் மறையவே இரவு 9:57. சூரியன் மறைஞ்சதும் தொழுற மஃரிபே அதுக்கு அப்புறம்தான்! எட்டு மணிக்குக் கண்கூசுற வெயில்ல நின்னு எந்த இஷாவைத் தொழுவே? வெள்ளிக்கிழமை மதியத் தொழுகையான ஜும்ஆவும் அதே லட்சணம்தான். கோடையில கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சிருக்கான், அதனால சூரியன் உச்சி சாயவே 1:52, ஜும்ஆ அதுக்கு அப்புறம்தான். ஒரு மணிக்குப் போனா விரிப்பைத்தான் எண்ணணும். பாங்கு கேட்டுப் போகலாம்னு தெருவுல காதைத் தீட்டிட்டு நிக்காதீங்க, வெளியே ஒலிபெருக்கி கிடையாது.

தொழுகை நேரம் சொல்ற செயலியை நம்பலாம்னா அது இன்னொரு கூத்து. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே எத்தனை டிகிரி இறங்கினா இஷாங்கிறதுல ஒவ்வொரு செயலிக்கும் ஒவ்வொரு கணக்கு. 12 டிகிரின்னு வெச்சா ஜூன் 21ல 11:41. 15னு வெச்சா நள்ளிரவு தாண்டி 12:23. 18னு வெச்சா இஷாவே வராது! பாரிஸ்ல அன்னிக்கு நடுராத்திரியில சூரியன் இறங்குறதே 17.7 டிகிரிதான். அப்போ செயலி ராத்திரியை ஏழாப் பிரிச்சோ பாதியாப் பிரிச்சோ ஒரு நேரத்தைச் சொல்லும். ஒரே ரூம்ல ரெண்டு போன், ரெண்டு இஷா. பள்ளிவாசல்ல ஒட்டியிருக்கிற அட்டவணையை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கிறதைத் தவிர வேற வழியில்ல.

டிசம்பர்ல போனா நேர்மாறு. மதியத் தொழுகையான லுஹர் 12:50, பிற்பகல் தொழுகையான அஸர் ஷாஃபிஈ சட்டப் பிரிவுக் கணக்குல 2:40, ஹனஃபி பிரிவுக்கு 3:10, மஃரிப் 4:56. மியூசியம் க்யூவுல நின்னு வெளியே வர்றதுக்குள்ள ரெண்டு தொழுகை வக்து போயிடும். ஷாஃபிஈ வழியில போற காயல்பட்டினத்துக்காரர் பயணத்துல லுஹரையும் அஸரையும் ஜம்உ பண்ணி, அதாவது சேர்த்துத் தொழுது, முடிச்சிடுவார். அப்படிச் சேர்த்துத் தொழாத ஹனஃபி நண்பர்தான் இடம் தேடி அலையணும்.

முப்பத்தாறாவது செகண்ட்தான் உச்சம். ஹோட்டல் ரூம்ல தொழுகை விரிப்பான முஸல்லாவை விரிச்சு, "நம்ம ஊர் மாதிரியே மேற்கு பார்த்து." மேற்கா! சென்னையில மேற்கு சரி, மக்கா அந்தப் பக்கம் இருக்கு. பாரிஸ்ல மேற்கே திரும்பினா அட்லாண்டிக்கைத் தாண்டி கனடா. தொழும்போது திரும்ப வேண்டிய மக்கா திசை, அதான் கிப்லா, அங்கே தென்கிழக்கு, வடக்கிலிருந்து சுமார் 119 டிகிரி. போன் திசைகாட்டியையும் இரும்புக் கட்டில் பக்கத்துல வெச்சுப் பார்க்காதீங்க, அது கட்டிலைத்தான் காட்டும். ஜன்னலோரம் போய் காத்துல எட்டு போடுற மாதிரி ரெண்டு தடவை ஆட்டிட்டுப் பாருங்க.

செருப்பை எங்க வைக்கணும், தொழுறவருக்குக் குறுக்கே போகாம பின்பக்கமா எப்படிச் சுத்திப் போகணும், பெண்கள் ஒரு துப்பட்டா எடுத்துட்டுப் போகணும்னு ஒரு வார்த்தை? கிடையாது. ஒரு துணிப்பை, ஒரு ஜோடி சுத்தமான சாக்ஸ், முழங்கால் மூடுற துணி. இவ்வளவுதான் சாமான். அதுக்கு நேரமில்ல, கடைசி ஆறு செகண்டும் "லைக் பண்ணுங்க, சேவ் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க"தான். பண்ணிட்டாங்கப்பா, மூணு குரூப்லயும்.

ஒரு இடத்துல மட்டும் அந்தப் பையன் மேல பாவம் வந்துச்சு. புதினா டீ கிளாஸைத் தூக்கின உடனே "ஆ"ன்னு கீழே வெச்சான் பாருங்க, அது மட்டும் நடிப்பில்ல. கொதிக்கக் கொதிக்க ஊத்துறாங்க, கிளாஸுக்குப் பிடியும் இல்ல, விளிம்பு வரைக்கும் டீ. எங்கே பிடிக்கிறது? ஆத்திக் குடிக்க ஒரு டபரா கொடுத்தா என்னப்பா குறைஞ்சு போகும்?