மணலில் புதைந்த வண்டியை மிதித்து எடுக்க முடியாது
“ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் வண்டி) மணலில் சிக்கினால் லோ கியர் போட்டு ஆக்சிலேட்டரை மிதி, வந்துவிடும்” என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். லோ கியர் சரி, மிதிப்பதுதான் தப்பு. அபுதாபியின் லிவா பாலைவனம் மாதிரி இறுகாத மணலில் சக்கரம் சுழலச் சுழலக் குழி ஆழமாகும். வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டால் நான்கு சக்கரமும் சும்மா சுற்றும்.

வண்டி நகரவில்லையா, உடனே காலை எடுங்கள். டயர் காற்றை 15 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை இறக்குங்கள், வால்வு ஊசியைச் சாவி முனையால் அழுத்தினாலே போதும். டயர் தட்டையாகி, மணலைத் தொடும் பரப்பு நீளும். அப்புறம் சக்கரங்களைச் சுற்றியும் அடியிலும் மணலை வாரி அகற்றிவிட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, வந்த தடத்திலேயே மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். அந்த மணல் ஏற்கெனவே இறுகியிருக்கும். காற்று குறைவாக இருக்கும்போது வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், ஜாக்கிரதை.