தூர் வாராமல் தண்ணீர் கேட்கிறோம்

கிருஷ்ணகிரியில் எங்கள் மாங்காய் மண்டியின் கணக்கு ஆறு ஆண்டுகளாக ஒரு திறமூல மென்பொருளில்தான், அதாவது மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளில்தான், ஓடுகிறது. பெங்களூரா எத்தனை டன், வண்டி வாடகை, விவசாயி வாங்கிய முன்பணம் எல்லாம் அதற்குள்தான். அதற்காக ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. அதை எழுதியவர், இனி தொடர முடியவில்லை என்று நான்கு வரியில் அறிவித்துவிட்டுச் சென்ற ஆண்டு நிறுத்திக்கொண்டார். இந்தப் பருவத்தில் கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்தோம், ரசீது அச்சாகவில்லை. லோடு இறக்கிவிட்டு வெயிலில் நின்றவர்களுக்குக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தோம்.

"பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டானே" என்றார் சித்தப்பா. எனக்குக் கோபம் வந்தது. ஆறு ஆண்டுகளில் அந்த மனிதருக்கு நாம் ஒரு நன்றியாவது எழுதியதுண்டா?

லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளம் ஓடும் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியை நெடுங்காலம் பராமரித்தவர் ஒரே ஒரு தன்னார்வலர். அவர் களைத்திருந்த நேரத்தில், வேகம் போதாது என்று சிலர் நச்சரித்தார்கள். உதவ வந்தவர்போல் ஒருவர் உள்ளே நுழைந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் அதை வைத்திருக்கும் கணினிகளுக்குள் ரகசியமாக நுழையத் திருட்டுக் கதவு ஒன்றைப் பொருத்திவிட்டார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்துத் துருவியதால்தான் அது வெளிப்பட்டது. களைத்தவரை விரட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எழுதியவர் விலகினாலும் மூலநிரல் நம்மிடம் இருக்கிறது, உரிமமும் திருத்த அனுமதிக்கிறது. ஓபன்ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து 2010இல் லிப்ரேஆபிஸ் பிரிந்தது அப்படித்தான். ஆனால் அங்கே நிரல் தெரிந்த கூட்டம் இருந்தது. எங்கள் மண்டியில் யார் இருக்கிறார்கள்? பர்கூரில் படிக்கும் மாணவர் ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து அச்சுப் பகுதியைச் சரிசெய்தார். தரவு, வேறு மென்பொருள்களாலும் படிக்க முடிகிற எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளக் கோப்பாக இருந்ததால் பழைய கணக்கு ஒரு வரிகூடப் போகவில்லை. உங்கள் கடை மென்பொருளிலிருந்து கணக்கை வெளியே எடுக்க முடிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

நம் பக்கத்து ஏரிகளுக்குக் குடிமராமத்து என்றொரு முறை இருந்தது. பாசனம் பெறுகிறவர்களே தூர் வாரினார்கள், கரை கட்டினார்கள். மென்பொருளுக்கும் அதுதான் வழி. அந்த மாணவருக்குக் கூலி கொடுத்தேன். அடுத்த பருவத்துக்கு மண்டிக்கு இவ்வளவு என்று போட்டு அவரையே தொடர்ந்து பார்க்கச் சொல்லலாம் என்று பக்கத்து மண்டிக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன், இருவர் ஒப்புக்கொண்டார்கள்.

நேற்று அந்த மென்பொருளை எழுதியவருக்குக் கடிதம் அனுப்பினேன். திருத்திய நிரலையும் இணைத்தேன். அவரிடம் எதையும் கேட்கவில்லை.